மழை போட்ட கோடு

எங்கள் துறையில் இந்த ஆண்டு முதல் இளங்கலைப் பொருளியலோடு நிதியியலையும் சேர்த்துப் புதிய பாடத்திட்டம் நடக்கிறது. வரைபடம் போடுவதற்கு இப்போது பென்சிலும் ஸ்கேலும் வேண்டாம். எண்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பினால் கோடு தானாக வந்து நிற்கிறது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் கழித்துத் துறை விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விழா முடிந்து காபி குடிக்கும்போது இளம் பேராசிரியர்கள் இருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"சார், இருபத்தெட்டு வருஷம் கிளாஸ் எடுத்திருக்கீங்க. மறக்க முடியாதது ஒண்ணு எழுதிக் குடுங்க. துறை மலர்ல போடலாம்" என்றார்கள்.

நான் சாதித்தது எதையாவது எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். என் நினைவில் அசையாமல் நிற்பது நான் ஒரு மாணவியிடம் தவறாகச் சொன்ன ஒரு விஷயம்தான். அதையே எழுதுகிறேன்.

நான் திண்டிவனத்துக்காரன். பி.ஏ., எம்.ஏ., எம்.ஃபில். மூன்றும் பொருளியல். மூன்றிலும் மனப்பாடத்தாலேயே தேறினேன். எந்தப் பக்கத்தில் எந்த வரைபடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். சில வருடம் டுட்டோரியலில் வேலை, பிறகு இந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், அப்புறம் நிரந்தரம். மரக்காணம் உப்பளத்தைக் கடந்துதான் தினமும் பஸ் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக வெள்ளையடித்த அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் ஆண்டு வகுப்பில் அளிப்பு விதி நடத்திக்கொண்டிருந்தேன். விலை ஏறினால் விற்பவர்கள் அதிகமாகக் கொண்டுவருவார்கள், விலை இறங்கினால் குறைத்துக்கொள்வார்கள், அதனால் அளிப்பு வளைகோடு இடமிருந்து வலமாக மேல்நோக்கிப் போகும். அனுமந்தையிலிருந்து வந்த ஒரு மாணவன், மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, கையைத் தூக்கினான்.

"எங்க ஊர்ல அப்படி இல்ல சார். மீன் நெறைய பட்டா வெல இல்ல. வெல இருக்குற அன்னிக்கு மீன் இருக்காது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அது விதிவிலக்குப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அவனும் உட்கார்ந்துகொண்டான். அதற்கப்புறம் அவன் கேள்வி எதுவும் கேட்டதாக நினைவில்லை.

நான் பதினைந்து வருடம் சர்வீஸ் முடித்திருந்தபோது அருளப்பன் சார் மாற்றலாகி எங்களுக்குத் துறைத் தலைவராக வந்தார். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். ஆனால் அவர் நடந்து வந்தால் வராந்தாவே சத்தம் குறையும். கோபப்படுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். மாணவர்களைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். கரும்பலகையை அவரே துடைப்பார், மேலிருந்து கீழாக மட்டும்; பக்கவாட்டில் துடைத்தால் முன்பெஞ்சுக்காரர்கள் மேல் தூள் பறக்குமாம். சாக்பீஸை இரண்டாக உடைத்துக்கொள்வார், கீச்சென்று சத்தம் வரக் கூடாது என்று. பிறகு இரண்டு அச்சும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். விடைத்தாள் திருத்தும்போது முதலில் வரைபடத்தைத்தான் பார்ப்பார். அச்சுக்குப் பேர் எழுதாவிட்டால் அரை மார்க் போச்சு. ஆசிரியர்கள் எழுதும் மாதிரி விடைத்தாளிலும் அப்படித்தான். நானே இரண்டு தடவை அரை மார்க் இழந்திருக்கிறேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம். எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இத யாரு பாத்தது?"

மூன்றாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். தலைப்பைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. மூன்று பிரதி பைண்ட் செய்து, வழிகாட்டி கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து எல்லாம் வாங்கி, கடைசியில் வெளித் தேர்வாளர் முன்னால் வைவாவுக்கு நிற்க வேண்டும். பாதிப் பேர் டவுனில் ஏதாவது பிரவுசிங் சென்டரில் ரெடிமேடாக ஒன்று வாங்கிக்கொண்டு வருவார்கள். நூறு பேரைச் சந்தித்தேன், அறுபது பேர் ஆம் என்றார்கள் என்று எழுதியிருக்கும். அருளப்பன் சார் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத யாரு பாத்தது?" என்று மெதுவாகக் கேட்பார். பிள்ளைகள் முகம் செத்துவிடும். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். "போய் பத்துப் பேரையாவது நெசமா பாத்துட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கஸ்தூரி அப்படி ஒரு வருடத்தில் என் வழிகாட்டுதலில் வந்து சேர்ந்தவள். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் வீடு. அப்பா இல்லை. ப்ளஸ் டூ முடித்ததும் அம்மாவோடு இரண்டு வருடம் உப்பு சுமந்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வந்தாள். கல்லூரியில் சேர்ந்த பிறகும் சீசனில் சனி, ஞாயிறு உப்பளம்தான். வகுப்பில் பேசவே மாட்டாள். 'மரக்காணம் உப்பின் அளிப்பு' என்று தலைப்பு எழுதிக் கொண்டுவந்தாள். நானும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாள். பை நிறையத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். கம்பியில் குத்திக் குத்திச் சேர்த்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"டேட்டா சார்."

ஒரு தாளை உருவிப் பார்த்தேன். பின்பக்கத்தில் 'லா' என்று எழுதி ஒரு எண், 'வெ' என்று எழுதி ஒரு எண். சிலதில் ஓரத்தில் 'ம' என்று ஒற்றை எழுத்து. அன்றைக்கு எத்தனை லாரி உப்பு ஏற்றிப் போனது, மூட்டை என்ன விலைக்குப் போனது, மழை பெய்ததா. ஐந்து சீசன். வேலை செய்த முதல் இரண்டு வருடம் அவளே எழுதியவை. கல்லூரிக்கு வந்த பிறகு வார நாட்களில் அவளுடைய அம்மா அஞ்சலை எழுதியவை. அஞ்சலைக்கு எழுதத் தெரியாது. லாரிக்கு ஒரு கோடு, மழைக்கு ஒரு வட்டம். விலையை மட்டும் சாயந்திரம் வாயால் சொல்லுவாராம், இவள் எழுதிக்கொள்வாளாம்.

"எதுக்கும்மா இதெல்லாம் எழுதுனீங்க?"

"சும்மாதான் சார். சோறு துன்ற நேரத்துல லாரிய எண்ணிக்கினு இருப்பேன். அப்புறம் பழக்கமாயிடுச்சு. காலேஜுக்கு வந்தப்புறம் வுட மனசு வரல, அம்மாவ எண்ணச் சொன்னேன்."

அதைக் கேட்டபோதே நான் மலைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், பரவாயில்லை, ரெடிமேட் இல்லை என்பதுதான்.

ஒரு மாதம் கழித்து வரைபடத்தோடு வந்தாள். செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் வாரத்துக்கு எத்தனை லாரி. அச்சுகளுக்குப் பேர் இருந்தது. வாரத்துக்கு ஒரு புள்ளி. அத்தனை புள்ளிகளும் இடது மேல் மூலையில் தொடங்கி வலது கீழ் மூலைக்குச் சரிந்து இறங்கின.

"தப்பும்மா இது. வெல ஏறுனா அளிப்பு கூடணும், கோடு மேல போவணும். உன்னுது கீழ வருது. எங்கயோ மாத்தி ஏத்திட்ட."

"மூணு வாட்டி சரிபாத்துட்டேன் சார்."

இன்னொரு தடவை உற்றுப் பார்த்தேன். விலை உச்சியில் இருந்த வாரப் புள்ளிகள் பக்கத்தில் எல்லாம் 'ம' இருந்தது. எனக்கு வழி கிடைத்துவிட்டது.

"கோடை மழை பேஞ்ச வாரத்த எல்லாம் எடுத்துடு. அது விதிவிலக்கு. மிச்சத்துக்குக் கோடு போட்டா சரியா வரும்."

நான்கு நாள் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை போல. புது வரைபடத்தை மேசை மேல் விரித்தாள். நடுவில் ஒரே இடத்தில் எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"மழைய எடுத்துட்டா ஒண்ணுமே மிச்சம் இல்ல சார். எல்லாம் ஒரே எடத்துல குமிஞ்சி கெடக்குது" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்ப மழதானே சார் புள்ளிய எல்லாம் நகத்துது? அத எப்படி சார் விதிவிலக்குன்னு எடுக்க முடியும்?" என்று கேட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. சமர்ப்பிக்கப் பத்து நாள்தான் பாக்கி. 'அளிப்பு' என்று தலைப்பு பதிவாகியிருக்கிறது. கீழே சரிகிற கோட்டை வைத்துக்கொண்டு வெளித் தேர்வாளர் முன்னால் நின்றால், வழிகாட்டி என்ன வழிகாட்டினார் என்றுதான் கேட்பார். பிரச்சினையை மேலிடத்தில் தள்ளிவிடலாம் என்று அவளை அருளப்பன் சார் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் இரண்டு வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். மணி அடித்து அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்து வராந்தா அடங்கும் வரைக்கும் அவர் திரும்பவில்லை.

"இத யாரு பாத்தது?"

"பாதி நானு சார். பாதி எங்கம்மா."

காலண்டர் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அஞ்சலை போட்ட கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு படத்தையும் வெக்கச் சொல்லுங்க. பாத்தத மாத்தறதுக்கு நமக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்றார். அவ்வளவுதான். பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் கஸ்தூரி எங்களிடம் சொல்லாமலே எம்.ஏ. நுழைவுத் தேர்வு எழுதி, வெகுதூரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருந்தாள். எங்கள் துறையிலிருந்து அதுவரை யாரும் போகாத இடம். ஒரே நிபந்தனை, அந்த செமஸ்டரிலேயே எல்லாத் தாளும் தேறியிருக்க வேண்டும். ப்ராஜெக்ட்டைத் திருப்பிவிட்டால் இடம் போய்விடும். இன்னொரு வருடம் காத்திருக்க வீட்டில் வழியில்லை. உப்புநீரில் நின்று நின்று அஞ்சலையின் கால் வெடித்துப் புண்ணாகியிருந்தது. இவள் போனால் படிப்பு, இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பதில் உப்பளத்தில் இவள். இது எனக்கு வைவாவுக்கு முதல் நாள்தான் தெரியும்.

வைவா அன்று வெயில் பிளந்தது. வெளித் தேர்வாளர் வேறு மாவட்டத்துக் கல்லூரிக்காரர், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மதியத்துக்குள் பதினெட்டுப் பேரிடம் ஒரே மாதிரிப் பதிலைக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார். பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் அவர், பக்கத்தில் நான், ஓரத்தில் அருளப்பன் சார். மாணவர்கள் எதிரில் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். பத்தொன்பதாவது கஸ்தூரி.

அவர் வரைபடத்துப் பக்கத்தைத் திருப்பினார். நிமிர்ந்தார்.

"அளிப்புன்னு தலைப்புப் போட்டுட்டு கோடு கீழ வருதே? முதல் செமஸ்டர்ல என்னம்மா படிச்ச?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பாக்கலயா? இத திருப்பித்தான் அனுப்பணும்."

நான் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அருளப்பன் சார், "அவங்க ஒரு வார்த்த சொல்லட்டும்" என்றார்.

கஸ்தூரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இது அளிப்புக் கோடு இல்ல சார். தலைப்பு தப்பு, அது என்னோட தப்பு. போட்டப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது."

"பின்ன என்ன கோடு இது?"

"உப்பு வாங்குறவங்களோட கோடு சார். தேவை. எங்க ஊர்ல மழ பேஞ்சா பாத்தி கரைஞ்சிடும், உப்பு கொறைஞ்சிடும். ஆனா வாங்குறவங்க எந்த வெலைக்கு எவ்ளோ வாங்குவாங்களோ, அதே கணக்குதான். அவங்க மாறல. அப்ப அந்த வாரம் லாரி கம்மி, வெல ஜாஸ்தி. திரும்ப வெயில் அடிச்சா லாரி கூடுது, வெல எறங்குது. ஆடுறது எல்லாம் எங்க பக்கம்தான் சார். அவங்க அப்படியே நிக்கறாங்க. அதனால புள்ளி எல்லாம் அவங்க கோட்டு மேலயே வந்து வுழுது." மூச்சு வாங்கினாள். "கோட்ட நான் போடல சார். மழ போட்டுது."

வெளித் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சலிப்பு போய்விட்டது. ஆனால் அவர் விடவில்லை.

"இரும்மா. மழ பேஞ்சா கருவாடு காய வெக்கிறவங்களுக்கும் வேல இல்லயே? அவங்களும் உப்பு வாங்க மாட்டாங்களே? அப்ப தேவையும் சேந்துதானே ஆடுது?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று அவர் கேட்கும் வரை எனக்குத் தெரியாது. கஸ்தூரி உடனே தலையாட்டினாள்.

"ஆமா சார். குப்பத்து ஆளுங்க மழையில வர மாட்டாங்க. ஆனா அவங்க சைக்கிள்லயும் டாட்டா ஏஸ்லயும்தான் வருவாங்க. நான் எண்ணுனது லாரிய மட்டும்தான் சார், அவங்க இந்தக் கணக்குல இல்ல. லாரி போறது தோல் பதனிடுற ஷாப்புக்கு, தூர ஊருக்கு. மரக்காணத்துல மழ பேஞ்சது அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அம்பாரமா குவிச்சு ஓலை போட்டு மூடி வெச்ச உப்பு? மழையில அத ஏத்தி அனுப்பலாமே?"

"அது எவ்ளோன்னு நான் எண்ணல சார். எண்ணியிருக்கணும்."

அவர் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். "உக்காரும்மா" என்றார். வைவாவில் மாணவரை உட்காரச் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இதுக்கு ஒரு பேர் இருக்குது. ஐடென்டிஃபிகேஷன் பிராப்ளம்னு சொல்லுவாங்க, புள்ளி தேவையோடதா அளிப்போடதான்னு அடையாளம் காணுற சிக்கல். நான் எம்.ஃபில்.ல படிச்சேன். படிச்சேன்னுதான் சொல்ல முடியும். உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். மழைய எடுத்துடுன்னு எங்க சார் சொன்னாரு. எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது."

அவள் என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, உள்ளதைச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் அந்தப் பேரைச் சொன்னதும் புத்தகத்தின் பக்கமே எனக்குக் கண்முன் வந்தது. அந்தப் பாடம் எம்.ஏ.வில் எனக்கும் இருந்தது. இடது பக்கம், மேலே வரைபடம், கீழே நான்கு சமன்பாடு. தேர்வில் முழுசாக எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அதே பாடம், உப்பில் வெடித்த கைகளோடு என் மேசை முன்னால் வந்து நின்றபோது அடையாளம் தெரியாமல், 'தப்பு' என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். புத்தகம் எழுதியவர்கள் யோசித்து யோசித்துக் கண்ட ஒன்றை, இந்தப் பெண் சோற்று நேரத்தில் லாரி எண்ணி, நான்கு நாள் தூங்காமல் உட்கார்ந்து, தானாகவே கண்டிருக்கிறாள். அனுமந்தை மாணவனும் அந்த வாசல் வரைக்கும் வந்திருக்கிறான். நான்தான் சிரித்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். அவ்வளவு பெரிய ஒன்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்ற பிரமிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விசிறிக் காற்று என்று துடைத்துக்கொண்டேன்.

தலைப்புச் சிக்கல் மிச்சம் இருந்தது. அருளப்பன் சார் எந்தக் கோப்பிலும் அடித்தல் திருத்தல் அனுமதிக்காதவர். ஒரு எழுத்து பிசகினாலும் பக்கத்தையே மாற்றச் சொல்லுவார். அவர் மூன்று பிரதியையும் தன் பக்கம் இழுத்தார். முகப்பில் 'அளிப்பு' என்ற சொல்லை ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோட்டால் அடித்தார். மேலே 'தேவை' என்று எழுதி, பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். வெளித் தேர்வாளரும் போட்டார். என்னிடம் நீட்டினார். என் கையெழுத்து கோணலாக விழுந்தது. "பல்கலைக்கழகத்துக்கு விளக்கம் நான் எழுதிக்கறேன். கேட்டா என்னக் கேக்கட்டும்" என்றார் அருளப்பன் சார். மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டு அவரே அரக்கு வைத்து ஒட்டினார்.

கஸ்தூரி தேறினாள். எம்.ஏ.வுக்குப் போனாள், அங்கிருந்து ஆராய்ச்சிக்கும் போனாள். அருளப்பன் சார் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றார். நான் அதற்கப்புறம் வகுப்பில் 'விதிவிலக்கு' என்ற சொல்லைச் சொல்ல நேரும்போதெல்லாம் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். பல தடவை சொல்லாமலே விட்டேன்.

அவள் ஊரை விட்டுப் போன மாதத்தில், ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவன் உப்பளத்து நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். முந்தின நாள் மழை. தினமும் ஜன்னலில் வெள்ளையாகத் தெரியும் பாத்திகள் எல்லாம் கலங்கிய தண்ணீராகக் கிடந்தன. வரப்பு வழுக்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். கடல் வரைக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் அந்தத் தண்ணீர்தான். ஒரே ஒரு மழை எத்தனை பேர் வேலையைக் கரைத்திருக்கிறது என்பது அங்கே நின்றால்தான் தெரிகிறது. காலில் துணி சுற்றிக்கொண்டு ஒரு அம்மா பாத்தித் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தார். விசாரித்தபோது அவர்தான் அஞ்சலை.

யாரென்று சொன்னதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எம்பொண்ணு என்னா சார் அப்படி எழுதிச்சு? எல்லாரும் பெருசா பேசிக்கிறாங்க. கேட்டா சிரிக்குது."

நான் வரப்பில் குந்தி, என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். மழை பெய்தால் உப்பு குறைகிறது, விலை ஏறுகிறது, அதை வைத்து வாங்குகிறவர்கள் மனசை அளந்துவிட்டாள் என்று. அஞ்சலை கேட்டுக்கொண்டே இருந்தார். ஆச்சரியப்படவில்லை.

"இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்க" என்றார். பிறகு தண்ணீர் நின்ற பாத்திகளை ஒரு பார்வை பார்த்தார். "ஆனா சார், நானும் ரொம்ப நாளா ஒண்ணு யோசிக்கிறேன். மழ பேஞ்சா உப்பு வெல ஏறுதே, எங்க கூலி மட்டும் ஏன் சார் ஏறல? வெயில் அடிச்சாலும் அதே கூலி, வெல ஏறுனாலும் அதே கூலி. அது எந்தக் கோட்டுல வரும்?"

கூலிக் கோட்பாடு என்று ஒரு பாடம் உண்டு. ஆறு கோட்பாடு, ஆறையும் வரிசையாகச் சொல்லுவேன். அந்தத் தண்ணீர் முன்னால் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"பரவால்லீங்க சார்" என்றார் அஞ்சலை. "தீபாவளிக்கு எம்பொண்ணு வரும். கேட்டுட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்பறேன்."